கருமணல் டோஸும் செவ்வாய்ப் பயண டோஸும் ஒன்றா? விண்வெளிக் கதிர்வீச்சு மாடல் பற்றி ஒரு இழை

முட்டம் கலங்கரை | 2 ஜூன் 2025, இரவு 8.50

ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல மணவாளக்குறிச்சி, சின்னவிளை, கடியபட்டணம் கரையில கெடக்க கருமணல்ல தோரியம் உண்டு. தலைமுறை தலைமுறையா நம்ம ஆளுவ அதுலதான் நடக்காவ, வலை காயப்போடுதாவ. கொல்லம் கருநாகப்பள்ளியில ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து பாத்து, புற்றுநோய் கூடலன்னு 2009-ல கட்டுரை வந்தாச்சு. அங்க கரையோரம் சில இடத்துல வருஷத்துக்கு 70 மில்லிகிரே வரை உண்டாம். செவ்வாய்க்குப் போய்த் திரும்ப மொத்தம் 1 சீவெர்ட்டுன்னு சொல்லுதாவ. எழுபதைப் பதினஞ்சால பெருக்கினா 1,050. பதினஞ்சு வருஷம் கரையில இருந்தவனுக்கு ஒரு செவ்வாய்ப் பயணம் கணக்குல வந்தாச்சுல்லா? அப்போ இந்த மாடல், சிமுலேஷன் எல்லாம் எதுக்கு?

வேர்க்கிளம்பி | 2 ஜூன், இரவு 10.15

பெருக்கல் சரி. ஆனால் ஒப்பிட்ட இரண்டும் ஒரே சரக்கு இல்லை. கிரே என்பது உடம்பில் இறங்கும் ஆற்றல்; சீவெர்ட் என்பது அதைக் கதிரின் கேட்டுக்கு ஏற்பப் பெருக்கிய அளவு.

முதலில் அந்த 70. அது கரையில் மிகச் சூடான சில இடங்களின் வெளிப்புற அளவு. வருடம் முழுக்க ராப்பகலாக ஒருவர் அதே இடத்தில் நின்றால்தான் அத்தனையும் ஏறும். அதே ஆய்வில் பகுதியின் நடு மதிப்பு 4 மில்லிகிரேக்குச் சற்று மேல். உலகச் சராசரி இயற்கை டோஸ் வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட். ஆக, ஆயிரத்தை நெருங்கும் ஆள் அந்த எழுபதாயிரம் பேரிலேயே அபூர்வம்.

அடுத்தது வேகம். பதினைந்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதும் இரண்டரை வருடத்தில் ஏறுவதும் செல்லுக்கு வேறு வேறு. பழுதுபார்க்கக் கிடைக்கும் அவகாசம் மாறுகிறது.

இது இரண்டையும் விட்டுக்கொடுத்தாலும் மூன்றாவதை விட்டுக்கொடுக்க முடியாது: கதிரின் வகை. மணலில் இருந்து உடம்பைத் துளைத்து வருவது பெரும்பாலும் காமா. தோரியம் வரிசையில் உச்சமானது தாலியம் 208 விடும் 2.614 எம்.இ.வி காமா (எம்.இ.வி துகள் ஆற்றலின் அலகு; ஆயிரம் எம்.இ.வி ஒரு ஜி.இ.வி, ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு கே.இ.வி). அது உடம்புக்குள் எலக்ட்ரானைத் தட்டிவிடும். அந்த எலக்ட்ரான் போகும் வழியில் ஆற்றலைத் தூரத் தூரமாகச் சிந்தும். விண்வெளியில் வருவது அணுக்கரு. அண்டக் கதிரில் இருக்கும் அணுக்கருக்களில் ஏறத்தாழ 87 சதவீதம் புரோட்டான், 12 ஹீலியம், மிச்சம் ஒரு சதவீதம் கனமானவை. அந்த ஒரு சதவீதத்தில்தான் தலைவலி. ஒரு துகள் சிந்தும் ஆற்றல் அதன் மின்சுமையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரும்புக்கு 26, வர்க்கம் 676. 1 ஜி.இ.வி புரோட்டான் தண்ணீரில் ஒரு மைக்ரானுக்குச் சுமார் 0.22 கே.இ.வி விடும். அதே வேகத்தில் போகும் இரும்பு சுமார் 150 கே.இ.வி. டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளும் பக்கத்துப் பக்கத்திலேயே கொத்தாக அறுந்தால் செல் அதை ஒழுங்காக ஒட்டவைப்பது கஷ்டம்.

வேர்க்கிளம்பி | 2 ஜூன், இரவு 10.40

மேலே விட்ட கணக்கைப் போட்டுவிடுகிறேன். செவ்வாய்க்கு கியூரியாசிட்டி ஊர்தியில் போன ராட் என்ற கதிர்வீச்சு அளக்கும் கருவி 2011-12 பயணத்தில் அளந்தது நாளுக்கு 0.48 மில்லிகிரே, அதாவது 1.84 மில்லிசீவெர்ட். செவ்வாய்த் தரையில் 0.21 மில்லிகிரே, 0.64 மில்லிசீவெர்ட். போக 180 நாள், வர 180 நாள், தங்கல் 500 நாள் என்று வையுங்கள்:

சீவெர்ட்டில்: 360 × 1.84 = 662. 500 × 0.64 = 320. மொத்தம் 982 மில்லிசீவெர்ட்.
கிரேயில்: 360 × 0.48 = 173. 500 × 0.21 = 105. மொத்தம் 278 மில்லிகிரே.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடம்பில் இறங்கும் ஆற்றல் 278 தான். மீதி எழுநூறும் கதிர் வகையின் கேட்டைக் காட்டும் தரக்காரணி பெருக்கி வந்தது. கலங்கரை கேட்டதுக்கு என் பதில் இந்த எழுநூறில் இருக்கிறது. கருமணலின் காமாவில் அந்தக் காரணி 1. அதனால் கருநாகப்பள்ளி ஆய்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த எழுநூறைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது.

தோவாளை ஆசிரியை | 3 ஜூன், காலை 6.20

கருமணலில் காமா மட்டும்தான் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடக் கூடாது. தோரியம் வரிசையில் தோரான் வாயு வரும், அரை ஆயுள் 55.6 விநாடி. மூச்சில் உள்ளே போனால் அதன் வழித்தோன்றல்கள் நுரையீரலில் ஆல்ஃபா விடும். ஆல்ஃபாவும் மைக்ரானுக்கு நூறு கே.இ.வி அளவில் சிந்துவதுதான். காற்றோட்டம் இல்லாத வீட்டில் கருமணல் கலந்த பூச்சு இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

வேர்க்கிளம்பி | 3 ஜூன், காலை 7.05

டீச்சர் சொன்னது முக்கியம். கூடவே ஒன்று. ஆல்ஃபா திசுவில் சில பத்து மைக்ரான் போய் நின்றுவிடும். அடி வாங்குவது நுரையீரல் குழாயின் மேல்தோல் மட்டும். 1 ஜி.இ.வி புரோட்டானின் வேகத்தில் வரும் இரும்பு தண்ணீரில் சுமார் 27 சென்டிமீட்டர் போகும். மண்டையோட்டில் நுழைந்து மூளையைக் கடந்து மறுபக்கம் வெளியேற அது போதும். மூளை, எலும்பு மஜ்ஜை, இதயம் எல்லாவற்றுக்கும் பெருஞ்சிந்தல் கதிர் போய்ச்சேரும் சூழல் பூமியில் எந்தக் கரையிலும் கிடையாது.

முட்டம் கலங்கரை | 3 ஜூன், பகல் 1.10

சரி, ஒத்துக்கிடுதேன். ஆனா ஒரு செல்லுக்கு எத்தனை தடவை அடி விழும்? அதைச் சொன்னா மனசுல நிக்கும்.

வேர்க்கிளம்பி | 3 ஜூன், இரவு 9.30

கணக்கு எளிது. செல்லின் உட்கருவை 100 சதுர மைக்ரான் என்று வையுங்கள், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சூரியன் அமைதியாக இருக்கும் காலத்தில் எல்லாத் திசையிலிருந்தும் சேர்த்து விநாடிக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 துகள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 0.35. ஆக உடம்பில் ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு புரோட்டான் கடக்கும். ஹீலியம் சில வாரத்துக்கு ஒருமுறை. கனமானவை மாதக் கணக்கில்.

இப்படி ஒவ்வொரு உட்கருவையும் கடந்துபோகும் தனித்தனித் தடங்களைச் சராசரி டோஸ் என்ற ஒற்றை எண் மறைத்துவிடும். அதனால்தான் எந்த ஆற்றலில் எத்தனை துகள் என்ற ஸ்பெக்ட்ரம் வேண்டும், மாடல் வேண்டும்.

கருங்கல் மாணவன் | 5 ஜூன், மாலை 5.45

சாரே, கல்லூரி புராஜெக்ட்டுக்கு ஜியன்ட் 4 என்கிற துகள் சிமுலேஷன் நிரலில் ஒரு மாடல் எழுதியிருக்கேன். நடுவில் 30 செ.மீ விட்டமுள்ள தண்ணீர் உருண்டை, அதைச் சுற்றி அலுமினிய ஓடு, 10 மீட்டர் ஆரமுள்ள கோளப் பரப்பிலிருந்து அண்டக் கதிர் புரோட்டான். ஓடு இல்லாமல் ஓட்டினாலும் வரும் டோஸ், வெளியான எண்களில் நாலில் ஒரு பங்குதான் இருக்கு. எவ்வளவு ஓட்டினாலும் அதே நாலில் ஒன்று. ஸ்பெக்ட்ரத்தை மூணு தடவை சரிபார்த்தாச்சு.

வேர்க்கிளம்பி | 5 ஜூன், இரவு 8.00

நாலில் ஒன்று என்று துல்லியமாக வந்தால் ஸ்பெக்ட்ரத்தைத் தேட வேண்டாம் தம்பி. கோணப் பரவலைப் பாருங்கள். கோளப் பரப்பில் மூலம் வைத்து, திசையை "ஐசோட்ரோபிக்" (எல்லாத் திசையும் சமம்) என்று கொடுத்திருப்பீர்கள். பெயர் சரியாகத் தோன்றும், பலன் தப்பாகும்.

விண்வெளியில் கதிர் எல்லாத் திசையிலும் சமம் என்றால், ஒரு கற்பனைப் பரப்பைக் கடந்து உள்ளே போகும் துகள்கள் அந்தப் பரப்பின் செங்குத்துக்கு கொசைன் விதிப்படி பரவியிருக்கும். சாய்வாக வருபவைக்குப் பரப்பு குறுகித் தெரிவதால் அவை குறைவு. நேராக வருபவை அதிகம். நீங்கள் கொடுத்தபடி என்றால் பாதித் துகள் வெளிப்பக்கமே பறந்துவிடும். உள்ளே வரும் பாதியும் நடுவை நோக்கி வர வேண்டிய எண்ணிக்கையில் பாதிதான் வரும். பாதியில் பாதி, நாலில் ஒன்று. சிலர் வெளியே போவதை மட்டும் தடுத்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைப்பார்கள், அப்போது சரியாக அரைப் பங்கு வரும். அதுவும் இதே நோய்தான்.

திருத்தம்: ஜியன்ட் 4-ல் துகள் மூலத்தை அமைக்கும் ஜி.பி.எஸ் பகுதியில் கோண வகையை கொசைன் என்று மாற்றுங்கள், உச்சக் கோணம் 90 பாகை. பிறகு உருண்டையை எடுத்துவிட்டு வெற்றிடத்தில் ஒரு சின்னக் கற்பனைக் கோளத்தை நடுவிலும் இன்னொன்றை ஓரத்திலும் வைத்து ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வந்தால் புலம் சீராக இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த எண்ணையும் அறிக்கையில் போடாதீர்கள்.

வேர்க்கிளம்பி | 5 ஜூன், இரவு 8.35

அளவீட்டுக் காரணியையும் இங்கேயே வைத்துவிடுகிறேன், பலரும் சறுக்கும் இடம். எல்லாத் திசையும் சேர்ந்த பாய்வு (விநாடிக்கு, சதுர சென்டிமீட்டருக்கு வரும் துகள்) 4 என்றால், கோளத்துக்குள் விநாடிக்கு நுழைபவை = பை × ஆரத்தின் வர்க்கம் × 4. ஆரம் 1,000 செ.மீ எனில் 1.26 கோடி. நீங்கள் ஒரு கோடித் துகள் ஓட்டினால் அது விண்வெளியில் 0.8 விநாடி. நாள் டோஸ் வேண்டுமென்றால் வந்த விடையை ஏறத்தாழ 1.09 லட்சத்தால் பெருக்க வேண்டும்.

இப்போது வீணாவதைப் பாருங்கள். 15 செ.மீ ஆர உருண்டையை 10 மீட்டர் கோளத்திலிருந்து குறி வைத்தால் ஒரு கோடியில் 2,250 தான் நேராகப் படும். மீதி எல்லாம் சும்மா பறக்கும். கோளத்தை 2 மீட்டராகச் சுருக்குங்கள்: அதே ஒரு கோடியில் 56,250 படும், 25 மடங்கு லாபம், ஒரு பைசா செலவில்லை. ஓடு முழுவதும் கோளத்துக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பெருக்கும் காரணி அப்போது சுமார் 4,340 ஆகிவிடும், அதை மாற்ற மறக்கக் கூடாது.

கருங்கல் மாணவன் | 6 ஜூன், இரவு 11.20

கொசைன் போட்டதும் எண் நேராயிருச்சு. நடுவிலும் ஓரத்திலும் சமம். அடுத்தது இரும்பு சேர்த்தேன். ஒரு கோடி ஓட்டியும் இரும்பின் பங்கு ஓட்டத்துக்கு ஓட்டம் எகிறிக் குதிக்குது.

வேர்க்கிளம்பி | 7 ஜூன், காலை 6.50

இயற்கையில் இருக்கும் விகிதத்திலேயே துகள் எடுத்தால் அப்படித்தான் குதிக்கும். இரும்பு ஆயிரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனியாக ஓட்டுங்கள்: ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன், ஆக்சிஜன், மக்னீசியம், சிலிக்கான், இரும்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு கணினி நேரம். கடைசியில் அதனதன் பாய்வால் எடை போட்டுக் கூட்டுங்கள். இறுதியில் நிக்கல் வரை எல்லாவற்றையும் சேர்த்தாக வேண்டும். தொடங்குவதற்கு இந்த ஏழு போதும்.

ஆற்றலையும் அப்படியே. ஸ்பெக்ட்ரம் சில நூறு எம்.இ.வி-யில் உச்சம் தொட்டு, பிறகு நீண்ட வால் விட்டு இறங்கும். நேராக அதிலிருந்து எடுத்தால் வாலில் ஆளே இருக்காது. மடக்கை அளவில் சமமாக எடுத்து, ஒவ்வொரு துகளுக்கும் எடையைச் சுமக்க வையுங்கள். 20 கிராம் அலுமினியத்துக்குப் பின்னால் சுமார் 150 எம்.இ.வி-க்குக் கீழ் உள்ள புரோட்டான் நேராக உள்ளே வராது; அண்டக் கதிருக்கு 50-லிருந்து தொடங்கினால் தாராளம். (கிராம் என்று நான் எழுதுவது எல்லாம் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனத்தை. அலுமினியத்தில் 20 கிராம் என்றால் 7.4 செ.மீ தடிமன்.) சூரியப் புரோட்டானுக்கு இதே கீழ் எல்லையை வைக்காதீர்கள். அதன் ஸ்பெக்ட்ரம் கீழே கனத்தது. விண்வெளி உடை மட்டும் போட்டிருப்பவருக்கு 30 எம்.இ.வி-யும் கணக்கு.

இயற்பியல் தொகுப்பில் "ஷீல்டிங்" என்ற பட்டியலை எடுங்கள். கன அயனி உடைவதைக் கணக்கிடும் கியூ.எம்.டி மாடலும் நியூட்ரான் துல்லியத் தரவும் அதில் சேர்ந்தே வரும். நியூட்ரான் தரவுக் கோப்புறைக்குப் பாதை கொடுக்காவிட்டால் நிரல் தொடங்கும்போதே நின்றுவிடும். தோல் டோஸ் வேண்டுமென்றால் இயல்பாக இருக்கும் 0.7 மி.மீ வெட்டு எல்லையைக் குறையுங்கள் (அதைவிடக் குறைந்த தூரமே போகும் துகளை நிரல் தனியாகப் பின்தொடராது). 70 மைக்ரான் ஆழத் தோலுக்கு அது பத்து மடங்கு பெரிது.

தோவாளை ஆசிரியை | 7 ஜூன், இரவு 9.10

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தரக்காரணியைக் கையில் எடுக்கும்போது "கன அயனி என்றால் 20" என்ற பாடப்புத்தக எண்ணைப் போட்டுவிடாதீர்கள். அது தரையில் வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புக் கணக்கு. விண்வெளியில் சிந்தலை, அதாவது துகள் ஒரு மைக்ரானில் விடும் ஆற்றலைப் பார்த்துக் காரணி போட வேண்டும். பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் 60-ஆம் அறிக்கை (ஐ.சி.ஆர்.பி 60) சொல்வது: மைக்ரானுக்கு 10 கே.இ.வி-க்குக் கீழே 1. பத்திலிருந்து நூறு வரை, சிந்தலை 0.32-ஆல் பெருக்கி 2.2 கழிக்கணும். நூறுக்கு மேல், 300-ஐச் சிந்தலின் வர்க்கமூலத்தால் வகுக்கணும். நூறில் ஏறத்தாழ 30, அதுதான் உச்சம். 150-ல் 24.5. உச்சத்துக்குப் பின் இறங்குவது ஏன் என்று கேட்பார்கள்: ஏற்கெனவே செத்த செல்லின் மேல் மேலும் ஆற்றலைக் கொட்டுவதால் கூடுதல் கேடு இல்லை.

முட்டம் கலங்கரை | 8 ஜூன், காலை 10.00

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூம்ல மாதிரி ஈயத்தகடு அடிச்சா ஆகாதா?

வேர்க்கிளம்பி | 8 ஜூன், இரவு 8.20

ஆகாது, காரணம் இரண்டு. எக்ஸ்ரேயை ஈயம் விழுங்கும், அதன் அணு எண் பெரிது. அண்டக் கதிரை எடைக்கு எடை நன்றாக மெதுவாக்குவது ஹைட்ரஜன். ஒரு கிராமில் எத்தனை எலக்ட்ரான் என்பதற்கு அணு எண்ணை அணு எடையால் வகுத்துப் பாருங்கள்: ஹைட்ரஜன் 1, பாலிஎத்திலீன் 0.57, தண்ணீர் 0.56, அலுமினியம் 0.48, ஈயம் 0.40. அடுத்தது, கனமான கருவில் மோதினால் நியூட்ரான் மழை. தடுக்க வைத்தது புதிய மூலமாகிவிடும்.

அலுமினியத்திலேயே இது தெரியும். 20 கிராம் வரை டோஸ் இறங்கும். அதற்கு மேல் அடுக்கினால் இறங்குவது நின்று, மெல்ல ஏறவும் செய்யும். உடைந்த துண்டுகளும் நியூட்ரானும் சேர்ந்து முதன்மைக் கதிர் குறைந்ததை ஈடுகட்டிவிடுகின்றன. பாலிஎத்திலீனில் இந்தத் தொல்லை குறைவு.

எடையையும் பாருங்கள். 4 மீட்டர் விட்டம், 7 மீட்டர் நீளம் உள்ள ஒரு கூடம். பரப்பு 113 சதுர மீட்டர். சுற்றிலும் 20 கிராம் என்றால் 22.6 டன். நம் எல்.வி.எம்-3 ராக்கெட் தாழ்வட்டப் பாதைக்குத் தூக்குவது சுமார் 8 டன். அதனால்தான் முழுக் கப்பலையும் மூடாமல், சூரியப் புயலுக்கு மட்டும் ஒரு சின்ன மூலையைச் சாப்பாட்டுப் பை, தண்ணீர், துணிமூட்டை கொண்டு சூழ வைக்கிறார்கள். 1.5 மீட்டர் ஆரமுள்ள ஒரு கோள ஒதுக்கிடத்துக்கு அதே 20 கிராம் வெறும் 5.7 டன், அதிலும் பெரும்பகுதி எப்படியும் சுமந்து போக வேண்டிய தண்ணீரும் உணவும்.

2022 நவம்பரில் போன ஆர்ட்டெமிஸ் 1-ல் ஹெல்கா, சோஹார் என்று இரண்டு பெண் உடல் பொம்மைகள் இருந்தன, ஒன்றுக்கு மட்டும் பாதுகாப்பு மேலாடை. 2024-ல் வந்த முடிவில் என் கண்ணில் பட்டது வேறொன்று: பூமியைச் சுற்றிக் கதிர்த்துகள் சிக்கியுள்ள வான் ஆலன் பட்டையைக் கடக்கும்போது கப்பல் 90 பாகை திரும்பியதில் உள்ளே டோஸ் வீதம் பாதியாகக் குறைந்தது. ஒரு கிராம்கூடச் சேர்க்காமல். மாடல் இருந்தால்தான் எப்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டித் தெரியும்.

கருங்கல் மாணவன் | 9 ஜூன், மாலை 4.30

நம்ம மகேந்திரகிரியில் எஞ்சின் சோதிக்கிற ககன்யானுக்கு இந்தக் கவலை எல்லாம் உண்டா சாரே?

வேர்க்கிளம்பி | 9 ஜூன், இரவு 9.45

400 கி.மீ உயரம், மூன்று நாள். அதே உயரத்தில் சுற்றும் பன்னாட்டு நிலையத்தில் நாளுக்கு அரை முதல் முக்கால் மில்லிசீவெர்ட். மூன்று நாளைக்கு இரண்டுக்குப் பக்கம். இந்தியாவில் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட் வரை அனுமதி. ஆக, ஆளுக்கு ஆபத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. மின்னணுவுக்கு வேறு கணக்கு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஆனால் மாடல் போடுபவருக்கு ஒரு கண்ணி உண்டு. தாழ்வட்டப் பாதையில் டோஸின் கணிசமான பங்கு, பூமிக் காந்தப்புலம் வலுக் குறைந்த தென் அட்லாண்டிக் குறைபுலத்தைக் கடக்கும் சில நிமிடங்களில் வரும். அங்கே சிக்கியுள்ள புரோட்டானுக்கு ஏ.பி-8 என்ற பழைய அட்டவணையைப் பலர் இன்னும் பயன்படுத்துகிறார்கள். அதோடு இன்றைய பூமிக் காந்தப்புலத்தை இணைத்தால் விடை கெடும். அந்த அட்டவணை 1960-களின் புலத்தை வைத்துத் தொகுத்தது, அந்தப் புலத்தோடேதான் ஓட்ட வேண்டும். இன்றைய புலம் வலுக் குறைந்தது. அதை வைத்தால் அட்டவணை இல்லாத துகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். பழைய புலத்தில் ஓட்டினால் பாய்வு சரியாக வரும். ஆனால் குறைபுலம் வருடத்துக்குச் சுமார் 0.3 பாகை மேற்கே நகர்ந்துவிட்டதால் இடம் தப்பாகும். மொத்த டோஸ் மட்டும் வேண்டுமென்றால் அது பரவாயில்லை. எந்த நிமிடத்தில் என்று வேண்டுமென்றால் அதன் புதிய வாரிசான ஏ.பி-9-க்கு மாறுங்கள்.

வேர்க்கிளம்பி | 10 ஜூன், காலை 7.15

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. நம் மாவட்டம் இருக்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். காந்த நடுக்கோடு நமக்கு அருகில் போகிறது. 1963-ல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவைத் தளமாகத் தேர்ந்தது அதற்காகத்தான். இந்த அட்சரேகையில் மேலிருந்து நேராக இறங்க ஒரு துகளுக்குச் சுமார் 17 ஜி.வி காந்த விறைப்பு (காந்தப்புலத்தால் எளிதில் வளையாத தன்மையின் அளவு) வேண்டும், உலகிலேயே உயர்ந்த வாசல்களில் ஒன்று. புரோட்டானுக்கு அது சுமார் 16 ஜி.இ.வி. அண்டக் கதிர் டோஸைத் தரும் கூட்டம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். அப்புறம் காற்று மண்டலம், 1,033 கிராம்.

ஆகவே செவ்வாய்க்குப் போகிறவர் விட்டுவிட்டுப் போகும் கவசம் எவ்வளவு பெரிது என்று பார்க்க நாகர்கோவிலைவிட நல்ல இடம் இல்லை. செவ்வாய்க்கு உலகளாவிய காந்தப்புலம் கிடையாது. காற்று இருபது கிராமுக்குப் பக்கம்.

தோவாளை ஆசிரியை | 10 ஜூன், இரவு 8.40

வரம்பு எண்களையும் சேர்த்துப் படிக்கட்டும். நாசா 2022-லிருந்து வாழ்நாளுக்கு 600 மில்லிசீவெர்ட், ஆண், பெண், வயது பேதமில்லை. ஐரோப்பிய முகமையில் 1,000. வேர்க்கிளம்பி சாரின் 982 ஒன்றைத் தாண்டுது, மற்றதை முட்டிக்கொண்டு நிற்குது.

வேர்க்கிளம்பி | 10 ஜூன், இரவு 10.05

ஆமாம். அந்த 982-ம் ஒரு குறிப்பிட்ட சூரியக் காலத்துக்கு மட்டும். அண்டக் கதிரின் பாய்வைச் சொல்லும் பேட்வார்–ஓநீல் மாடலில் சூரியத் தடுப்பு அளவு என்று ஒரே ஒரு திருகு இருக்கும், அமைதிக் காலத்தில் 400 மெகாவோல்ட் பக்கம், உச்சத்தில் ஆயிரத்தைத் தாண்டும். அந்த ஒன்றைத் திருப்பினாலே அண்டக் கதிர் ஏறத்தாழ பாதியாகும். அப்படியானால் உச்சக் காலத்தில் போகலாமே என்றால், அப்போதுதான் சூரியப் புரோட்டான் வெடிப்பு அதிகம். 1972 ஆகஸ்ட் வெடிப்பு அப்போலோ 16-க்கும் 17-க்கும் நடுவில் விழுந்தது. நிலவில் உடையோடு மட்டும் ஆள் நின்றிருந்தால் நோய்ப்படுக்கைதான். வெடிப்பு தெரிந்து ஒதுக்கிடத்துக்குள் போக சில மணி நேரம் கிடைத்தால் அந்த ஆபத்தைப் பெரும்பாலும் வெல்லலாம். அண்டக் கதிரிடமிருந்து ஒளிய இடமே இல்லை. இரண்டில் எனக்குப் பெரிய கவலை அண்டக் கதிர்தான்.

இதில் எந்த இடம் எவ்வளவு உறுதி என்றும் சொல்லிவிடுகிறேன். துகள் எத்தனை, சுவரைக் கடந்து என்னவாகிறது என்பதை இன்றைய மாடல்கள் நன்றாகவே பிடிக்கின்றன. ராட் அளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தாகிவிட்டது. அந்த டோஸ் உடம்பில் என்ன செய்யும் என்பதில்தான் இரண்டு மூன்று மடங்கு இழுபறி. அதற்காகத்தான் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் 33 வகைக் கற்றைகளை அடுத்தடுத்து விட்டு அண்டக் கதிரைப் போலிசெய்து விலங்குகளில் பார்க்கிறார்கள். 2025 நடுப்பகுதி வரை தாழ்வட்டத்தை விட்டு வெளியே போன மனிதர் அப்போலோவின் 24 பேர்தான், அவர்களில் யாரும் இரண்டு வாரம்கூட இருக்கவில்லை.

கருங்கல் மாணவன் | 12 ஜூன், இரவு 9.00

சாரே, என் மாடலை இங்கேயே எதோடாவது ஒப்பிட்டுச் சரிபார்க்க வழி உண்டா? கல்லூரியில் காமா அளக்கும் மூன்று அங்குல சோடியம் அயோடைடு படிகக் கருவி ஒண்ணு கிடக்கு.

வேர்க்கிளம்பி | 13 ஜூன், இரவு 8.10

உண்டு, நம் ஊரில் அருமையாக உண்டு. அண்டக் கதிர் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறந்து தரைவரை வரும் துகளான மியூவானை அளந்து மாடலோடு ஒப்பிடுங்கள்.

இயற்கையான வலுவான காமாவில் உச்சம் 2.614. அதற்கு மேல் கருவி பதிவதெல்லாம் அண்டக் கதிர் என்று 3 எம்.இ.வி-யில் வாசல் வைப்பது வழக்கம். கருமணலில் அந்த வாசல் ஏமாற்றும். தாலியம் 208 ஒரே நொடியில் 2.614-ஓடு 0.583-ஐயும் விடும்; இரண்டும் படிகத்தில் விழுந்தால் 3.197 என்று ஒரே துடிப்பாகப் பதியும். கூடவே 0.511-ம் சேர்ந்தால் 3.7. ஆகவே வாசலை 4-க்கு மேல் வையுங்கள். எண்ணிக்கை வேகம் மிகுந்தால் தொடர்பில்லாத துடிப்புகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அதனால் கருமணல் மேலேயே நேரடியாக வைக்காதீர்கள்.

நல்ல இடம் கடல். வள்ளத்தில் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் தரைக் காமா இல்லை, அடியில் தண்ணீர் மறைத்துவிடும். கடல்நீரின் பொட்டாசியம் 40 லிட்டருக்குச் சுமார் 12 பெக்கரெல், ஆளின் உடம்பிலும் அதே உண்டு, ஆனால் அது 1.46-ல் முடிந்துவிடும், வாசலைத் தொடாது.

செங்குத்தாக வரும் மியூவான் மூன்று அங்குலப் படிகத்தில் சுமார் 36 எம்.இ.வி விடும். கருவி 3 எம்.இ.வி வரை காட்டும்படி பெருக்கம் வைத்திருப்பார்கள். அப்படியே போனால் மியூவான் எல்லாம் உச்சியில் முட்டி நிற்கும். பெருக்கத்தைக் குறைத்து 60 வரை தெரியும்படி வையுங்கள். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான். உங்கள் படிகத்தின் மேல்முகம் 45 சதுர செ.மீ, மணிக்கு சுமார் 2,700, புள்ளியியல் பிழை 2 சதவீதம். பக்கவாட்டில் நுழைபவை தனி. மாடலில் உருளையை அப்படியே வரைந்தால் தானாக வரும்.

வெயிலில் ஒளிப்பெருக்கிக் குழாயின் பெருக்கம் நழுவும். காலையில் 2.614 இருந்த இடத்தில் மதியம் இருக்காது. தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் ஒரு பிடி கருமணலைப் பக்கத்தில் வைத்து அளவுகோலைச் சரிபாருங்கள். காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் மியூவான் 0.1 முதல் 0.2 சதவீதம் குறையும்.

முட்டம் கலங்கரை | 13 ஜூன், இரவு 8.30

வள்ளம் நான் ஏற்பாடு பண்ணுதேன் மக்கா. ஆனா இப்போ தென்மேற்குக் காத்து, கடல் கெட்டுக் கெடக்கு. செப்டம்பர் கழிஞ்சு வா.

வேர்க்கிளம்பி | 14 ஜூன், காலை 6.40

அதுவரை குளத்துநீரிலும் செய்யலாம். ஆழம் இரண்டு மீட்டருக்குக் குறையாமல், கரை 200 மீட்டருக்கு அப்பால். பேச்சிப்பாறை அணையில் அந்த விரிவு உண்டு, முறையாக அனுமதி வாங்க வேண்டும்.

இந்த ஒப்பீடு உங்கள் வடிவியல், கோண விதி, அளவீட்டுக் காரணி, மின்காந்தப் பகுதி ஆகியவற்றைத்தான் சோதிக்கும். இரும்பு உடைவது சரியா என்று வள்ளத்தில் தெரியாது. அதற்கு ஹெச்.இசட்.இ-டிரான் நிரலில் அதே 20 கிராம் ஓட்டைப் போட்டு ஒப்பிடுங்கள். நாசாவின் ஓல்டாரிஸ் தளம் அதைத்தான் உள்ளே ஓட்டுகிறது. ஐரோப்பாவின் ஸ்பென்விஸ் தளத்திலும் கதிர்ச்சூழல் மாடல்கள் கிடைக்கும். இரண்டிலும் பாய்வு மாடல் ஒன்றேதானா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் நிரலை ஒப்பிடுவதாக நினைத்துச் சூரியனை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கருங்கல் மாணவன் | 17 ஜூன், இரவு 10.50

ஏழு தனிமமும் தனித்தனியா ஓட்டியாச்சு. இரும்பு இப்போ குதிக்கல. அடுத்து செவ்வாய்த் தரை போடலாமா?

வேர்க்கிளம்பி | 18 ஜூன், காலை 7.00

போடுங்கள். மூன்று மீட்டர் மண் வேண்டும், வெறும் தளமாக விடாதீர்கள்; கீழிருந்து திரும்பி எழும் நியூட்ரான் தரை டோஸில் ஒரு பங்கு. சிலிக்கான், ஆக்சிஜன், இரும்பு மட்டும் போட்டால் நியூட்ரான் அதிகமாக வரும். மண்ணில் நூற்றுக்குச் சில பங்கு நீர் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை ஓட்டி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். மேலே 20 கிராம் கரியமில வாயுவை ஒரே அடுக்காக வைக்காமல் உயரத்துக்கு ஏற்பப் பத்து அடுக்காகப் பிரியுங்கள். அடிவானத்திலிருந்து சாய்வாக வருபவை அதிகக் காற்றைக் கடக்கும் என்பதால் பக்கவாட்டு அகலம் போதாமல் போகும். கிலோமீட்டர் கணக்கில் கொடுங்கள். விடை நாளுக்கு 0.64-க்குப் பக்கத்தில் வந்தால் எந்தத் தடுப்பு அளவில் ஓட்டினீர்கள் என்பதையும் சேர்த்து இங்கே போடுங்கள்.